பதினோரு ஒன்றுகளும் ஒரு தந்தியும்

ஓய்வு பெற்ற தந்திக்காரர்கள் சிலர் மாதம் ஒரு முறை திருநெல்வேலியில் கூடுகிறோம். பெரும்பாலும் முழங்கால் வலியைப் பற்றித்தான் பேச்சு. சென்ற கூட்டத்துக்கு வந்திருந்த தம்பி ஒருவர் ஒரு சங்கதி சொன்னார். எங்களுக்கெல்லாம் வெகு பின்னால் வேலைக்குச் சேர்ந்து, கம்ப்யூட்டர் வரை பார்த்துவிட்டவர் அவர். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கிவிட்டால், வருகிற பிரம்மாண்டமான எண்ணைப் பார்த்து அது எந்த இரண்டின் பெருக்கல் என்று கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லையாம். பெருக்குவது நிமிஷ வேலை, திரும்ப உடைப்பது ஆயுள் வேலை. அந்தக் குணத்தை வைத்துத்தான் இப்போது பேங்குக்காரர்கள் ரகசியங்களைப் பூட்டுகிறார்களாம்.

எல்லாரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, "இந்த மாதிரி எண் ஒரு சங்கேதம்னு நான் 1943-லேயே சொன்னேன்" என்றேன்.

ஒருவரும் நம்பவில்லை. அந்தத் தம்பி மட்டும், "அண்ணாச்சி, அதை எழுதித் தாங்களேன்" என்று கேட்டார். எழுதினால் என் மரியாதை என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் வயது எண்பதைத் தாண்டிவிட்டதால் மரியாதையைக் காப்பாற்றி ஆகப்போவது ஒன்றும் இல்லை.

என் சொந்த ஊர் குருவிகுளம் பக்கத்து மானாவாரிக் கிராமம். பள்ளிப் படிப்பை முடித்து மதுரையில் தந்திப் பயிற்சிக்குப் போனேன். அங்கே கற்றுக்கொண்டதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். விரலால் தட்டக் கற்றேன், காதால் வாசிக்கக் கற்றேன். வந்த செய்தியைப் பற்றி யோசிக்கக் கூடாது என்பதையும் சொல்லித்தான் கொடுத்தார்கள். அது மட்டும் எனக்கு ஏறவில்லை.

சங்கரன்கோவில் தபால் தந்தி ஆபீஸில் என்னைப் போட்டார்கள். போஸ்ட்மாஸ்டர் கடையநல்லூர்க்காரர், மீரான் சாகிபு. மெலிந்த உடம்பு, வெள்ளைத் தொப்பி, எப்போதும் மைக்கறை படிந்த வலது கட்டைவிரல். அவர் யாரையும் திட்டிப் பார்த்ததில்லை. திட்டுவதற்குப் பதில் அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. தந்தித் தொழிலில், முக்கியமான எண்களைப் பெறுகிறவர் அப்படியே திருப்பி அடித்துக் காட்ட வேண்டும், சரிதானா என்று தெரிந்துகொள்ள. சாகிபு அதை வாய்ப்பேச்சிலும் செய்வார். நாம் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, நாம் சொன்னதையே ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் மெதுவாகத் திருப்பிச் சொல்லுவார். பிறகு பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தில் நம் பேச்சின் லட்சணம் நம் காதிலேயே விழும்.

சேர்ந்த புதிதில் எனக்கு அது நடந்தது. மிளகாய் வத்தல் வியாபாரி ஒருவர் விருதுநகருக்குக் கொடுத்த தந்தியில், 'சிவப்பு விழுந்தது, அடுத்த உத்தரவு வரை அசைய வேண்டாம்' என்று இருந்தது. ரஷ்யாவில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். நான் வியர்த்துப்போய் சாகிபிடம் ஓடினேன்.

"நீங்க சொல்லுதது," என்றார் சாகிபு, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே. "ரஷ்யா விழுந்த சேதி நம்ம வத்தல் கமிஷன் கடைக்கு முதல்ல தெரிஞ்சிருக்கு. அதை அவுக விருதுநகருக்குச் சொல்லுதாக. அப்படித்தான தம்பி?"

நான் போய் அந்தத் தந்தியை அடித்தேன்.

எனக்குச் சாதகமாகவும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். முந்தின வருடம்தான் ஜில்லாவில் பல இடங்களில் தந்திக் கம்பிகளை அறுத்திருந்தார்கள். ரகசியமாகத் துண்டுப் பிரசுரம் அச்சடிக்கிறார்கள் என்று தேடுதல் நடந்துகொண்டிருந்தது. தனியார் யாரும் சங்கேத மொழியில் தந்தி கொடுக்கக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போனவர் எப்போது வருவார் என்று கேட்க ஆள் கிடையாது. எனக்கு வயது இருபது. சர்க்கார் என்னை நம்பித்தான் யுத்தமே நடத்துகிறது என்று எனக்கு ஓர் எண்ணம்.

அன்று வெள்ளிக்கிழமை. சாகிபு ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். பள்ளிக்கூட மத்தியான மணி அடித்த சற்று நேரத்தில், ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார் கோமதிநாயகம் சார் கவுண்ட்டருக்கு வந்தார். ஓடி வந்திருப்பார் போல, மூச்சு வாங்கியது. சட்டைப்பையில் சாக்பீஸ் துருத்திக்கொண்டிருந்தது. பாளையங்கோட்டையில் ஒரு காலேஜ் ஆண்டு மலரின் ஆசிரியருக்கு அவசரத் தந்தி. அப்போதெல்லாம் தந்தி இங்கிலீஷில்தான். 'லெவன் ஒன்ஸ் நாட் பிரைம். புரோக்கன் டுடே. 21649 இன்டு 513239. ஸ்டாப் பிரின்டிங்.'

"உடனே போகணும் தம்பி. சாயந்திரம் அச்சு ஏத்துதாக" என்றார்.

"இந்தா அடிச்சிருதேன் சார்" என்று சிரித்த முகத்தோடு வாங்கி வைத்தேன். அவர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி ஓடினார்.

மொத்தம் எத்தனை சொல் என்று குறிக்க, எண்களை ஐந்து இலக்கத்துக்கு ஒரு சொல் என்று கணக்கிட வேண்டும். அதற்காகத்தான் மறுபடியும் வாசித்தேன். வாசிக்க வாசிக்க எனக்கு உடம்பு சூடேறியது. 'நாட் பிரைம்' என்றால் பிரைம் மினிஸ்டர் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். 'இன்று உடைந்தது.' என்ன உடைந்தது, பாலமா, கம்பியா? இரண்டு எண்களும் சரக்கு ரயில் வேகன்களின் எண்ணாகத்தான் இருக்க வேண்டும். 'அச்சடிப்பதை நிறுத்து' என்ற கடைசி இரண்டு வார்த்தைகளில் எனக்குச் சந்தேகமே தீர்ந்துவிட்டது. போலீஸ் ஊர் முழுக்கத் தேடும் ரகசிய அச்சகம் என் கவுண்ட்டரில் வந்து மாட்டிக்கொண்டது.

வாசலில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த போலீஸ்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டேன்.

சாகிபு திரும்பி வந்தபோது கோமதிநாயகம் சாரை வகுப்பிலிருந்து அழைத்துப்போய்விட்டார்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, கையில் சாக்பீஸ் தூளோடு போனாராம். நான் மார்பை நிமிர்த்தி நடந்ததைச் சொன்னேன். சாகிபு கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க சொல்லுதது. கணக்கு வாத்தியார் ரெண்டு எண்ணைக் கணக்கா எழுதி, கீழ தன் பேரும் வீட்டு விலாசமும் போட்டு, நம்ம கையில கொடுத்துட்டு, மறுபடியும் பாடம் நடத்தப் போயிட்டாரு. அதனால அவரு உளவாளி."

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"தந்தியை எடுத்துக்கிடுங்க தம்பி. வாங்க போவம்" என்றார்.

ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டர் மேஜைக்குப் பின்னாலும் கோமதிநாயகம் சார் சுவரோரமாகவும் இருந்தார்கள். சாருக்கு முகம் வெளுத்திருந்தது. சாகிபு போய் நின்றதும் சப் இன்ஸ்பெக்டர் நாற்காலி போடச் சொன்னார். எனக்கு ஒன்றும் போடவில்லை.

"என்னமோ பகா எண்ணுங்காரு" என்றார் சப் இன்ஸ்பெக்டர் சாகிபிடம். "நீங்களே கேளுங்க."

சார் மெதுவாகச் சொன்னார். தன்னையும் ஒன்றையும் தவிர வேறெதுவும் மீதியில்லாமல் வகுக்காத எண் பகா எண், இங்கிலீஷில் பிரைம். வேறு ஏதாவது வகுத்தால் பகு எண். ஒன்று என்ற இலக்கத்தையே வரிசையாக எழுதிக்கொண்டு போனால் வரும் எண்களில் அவருக்கு வெகுநாளாகப் பிரியம். பதினொன்று பகா எண். மூன்று ஒன்று போட்டால் உடைந்துவிடும், 37-ஐ மூன்றால் பெருக்கியது. நாலும் உடையும். ஐந்து ஒன்று, 41-ஐ 271-ஆல் பெருக்கியது.

சப் இன்ஸ்பெக்டர் தன் பென்சிலை எடுத்து ஒரு காகிதத்தில் 271-ஐ 41-ஆல் பெருக்கினார். அஞ்சு ஒன்று வந்தது. அவர் முகத்தில் ஏதோ மாறியது.

"மேல சொல்லும்."

"பதினோரு ஒண்ணு போட்டா வார எண்ணு, ஆயிரத்து நூத்துப் பதினோரு கோடிக்கு மேல. அதை எது உடைக்கும்னு பாத்துக்கிட்டிருந்தேன். அதை உடைக்கிற எண்ணு எதுவானாலும் இருபத்திரண்டால வகுத்தா மீதி ஒண்ணுதான் வரும். அதனால எல்லாத்தையும் பாக்க வேண்டாம். அப்படியும் ஒரு லட்சம் வரைக்கும் போகணும். ஆயிரம் வகுத்தல் இருக்கும். மூணு வருஷமா வகுத்தேன். ஒண்ணுலயும் உடையல. பகா எண்ணுதான்னு கட்டுரை எழுதி அனுப்பிட்டேன். இன்னைக்குக் காலையில சும்மா ஒண்ணு ரெண்டு வகுத்தலைத் திரும்பச் செஞ்சு பாத்தேன். 21649-ல மீதியில்லாமப் போயிட்டு. முன்ன செஞ்சதுல கழிக்கும்போது தப்பு விட்டிருக்கேன்."

சப் இன்ஸ்பெக்டர் பென்சிலை உருட்டிக்கொண்டு கேட்டார்: "சரி. இது பகா எண்ணா இருந்தா யாருக்கு லாபம்?"

"யாருக்கும் இல்ல."

"இல்லாட்டி யாருக்கு நஷ்டம்?"

"யாருக்கும் இல்ல."

"பின்ன எதுக்குய்யா அவசரத் தந்தி?"

"பொய்யை அச்சுல போடுதாகளே சார், என் பேரை வச்சு" என்றார் கோமதிநாயகம் சார்.

சாவுக்குத் தந்தி வரும், பிரசவத்துக்கு வரும், யுத்தத்துக்கு வரும். எத்தனையோ அடித்திருக்கிறேன். இப்படி ஒரு காரணத்தை அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. என் உளவாளி கைநழுவிப் போகிறானே என்றுதான் இருந்தது.

"பெருக்கிப் பாத்தாத் தெரிஞ்சிரும்" என்றார் சாகிபு. "தனித்தனியாப் பெருக்குவம். எல்லாருக்கும் ஒண்ணா வந்தா விட்டுருவீகளா?"

"வந்தா விட்டுருதேன்" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

அவர் காகிதத்தில் பெருக்க ஆரம்பித்தார். எனக்குக் காகிதம் தரவில்லை. சார் தன் சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து என்னிடம் நீட்டினார். என்னைப் பிடித்துக் கொடுத்தவனே, எழுது என்று சொல்வது போல எனக்குப் பட்டது, அவர் அப்படி நினைத்திருக்க மாட்டார். நான் ஸ்டேஷன் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு 513239 என்று எழுதி, கீழே 21649 என்று எழுதினேன். ஐந்து வரிசை பெருக்கி, கோடு கிழித்து, கூட்டிக்கொண்டு வந்தேன். ஒன்று. ஒன்று. ஒன்று. ஒன்று. ஐந்தாவது இடத்தில் பூஜ்யம்.

எனக்கு உயிர் வந்தது. மிச்சத்தையும் கூட்டி முடித்து எழுந்து நின்றேன். முழங்காலெல்லாம் சுண்ணாம்பு.

"சார், இது மோசடி. நடுவுல சுன்னம் வருது" என்றேன் சப் இன்ஸ்பெக்டரிடம்.

அவர் எனக்கு முன்பே முடித்துவிட்டிருந்தார். காகிதத்தைக் கையில் தூக்கிப் பிடித்து, சாமி படத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். "பூராவும் ஒண்ணுவே" என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு என் தரைக்கணக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

கோமதிநாயகம் சார் சுவரோரத்தில் இருந்தபடியே, தலைகீழாகத் தெரிந்த என் கணக்கை வாசித்தார். "நாலாவது இடத்தைக் கூட்டினா முப்பத்தொண்ணு. ஒண்ணு போட்டுக் கையில மூணு வைக்கணும். நீரு ரெண்டு வச்சிருக்கீரு."

குனிந்து கூட்டினேன். முப்பத்தொன்று. கையால் சுன்னத்தை அழித்து ஒன்று போட்டேன். தரையில் பதினோரு ஒன்றுகள் வரிசையாக நின்றன.

"சகஜந்தான் வே" என்றார் சார். "என்னுதும் அப்படித்தான் போச்சு."

சாகிபு கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் அவர் எதையும் திருப்பிச் சொல்லவில்லை. அதுதான் அவர் எனக்குக் கொடுத்த ஒரே தண்டனை.

அன்று மாலை அந்தத் தந்தியை நான் அடித்த மாதிரி என் சர்வீஸில் வேறெதையும் அடித்ததில்லை. ஒவ்வொரு இலக்கமும் தனித்தனியாக விழும்படி அடித்தேன். எதிர்முனையில் திருநெல்வேலிக்காரர் திருப்பி அடித்ததும், இன்னொரு தடவை அடிக்கச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது, தட்டுகிற வேகத்திலேயே தெரிந்தது.

சப் இன்ஸ்பெக்டரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் சாரை மரியாதையாக வீடு வரை கொண்டுபோய் விட்டார். போனவர் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் பேசிக்கொண்டிருந்தாராம். பிறகு வாசுதேவநல்லூருக்கு மாற்றலாகிப் போனார். சில மாதம் கழித்து அங்கிருந்து சாருக்கு ஒரு தந்தி வந்தது. 'பதின்மூன்று ஒன்றுகள் உடைந்தன, 53.' நான் யாரிடமும் எதுவும் சொல்லாமல் அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். சாருக்கு அது பத்து வருடம் முன்பே தெரியும். வெளியே காட்டிக்கொள்ளாமல் வாழ்த்துத் தந்தி கொடுத்தார்.

எங்கள் தந்திக்கு மறுநாள் காலை பாளையங்கோட்டையிலிருந்து பதில் வந்தது. என் காதால்தான் வாங்கினேன். 'அச்சாகிவிட்டது. மறுபடி போடக் காகிதம் இல்லை. ஏன் தாமதம்?'

அதை நானே கொண்டுபோனேன். சார் வீட்டு வாசலில் நின்று வாசித்தார். நான் முந்தின நாளிலிருந்து திட்டு வாங்கத் தயாராகவே இருந்தேன், திட்டினால் தேவலை என்று இருந்தது.

"ஏன் தாமதம்னு கேக்கான்" என்றார். "எனக்கு என்ன சொல்லன்னு தெரியல. நீரே பதில் எழுதிரும்."

ஆபீஸுக்கு வந்து எழுதினேன். யுத்த காலம், உத்தரவு, கடமை, சந்தேகம் என்று காகிதம் நிறைய வந்தது. சாகிபிடம் கொடுத்தேன். அவர் மைக்கறை விரலால் ஒவ்வொரு வார்த்தையாக அடித்துக்கொண்டே வந்து, கடைசியில் மிஞ்சியதைக் காட்டினார். 'தாமதத்துக்குக் காரணம் பெருக்கல்.' அதைத்தான் அனுப்பினேன். கூடவே, மலர் திங்கட்கிழமைதான் வெளியாகும் என்றால் ஞாயிற்றுக்கிழமை வந்து கையாலேயே திருத்திக் கொடுக்கலாமா என்று சார் கேட்கச் சொன்னதையும் சேர்த்தேன். வரலாம் என்று பதில் வந்தது.

நானும் வருகிறேன் என்றேன். சார் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெட்ரோல் தட்டுப்பாட்டால், கரியை எரித்து வரும் வாயுவில் ஓடும் பஸ் அப்போது. ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். இரண்டு பேரும் தள்ளினோம். தள்ளிக்கொண்டே, ஐரோப்பாவில் யாராவது இதை முன்பே உடைத்திருப்பார்கள் என்றும், எங்கேயாவது புத்தகத்தில் இருக்கும் என்றும், அந்தப் புத்தகம் சங்கரன்கோவிலில் கிடைக்காததால் மூன்று வருடம் சந்தோஷமாக இருந்ததாகவும் சொன்னார்.

காலேஜில் ஓர் அறை நிறைய மலர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். கட்டுரை தமிழ்ப் பகுதியில் இருந்தது. திருத்தம் சுலபம் என்று சார் காட்டினார். 'பகா எண்' என்று இருப்பதில் துணைக்காலை அடித்துவிட்டு, 'க'வுக்குக் கீழே ஒரு சுழி சுழித்தால் 'பகு எண்' ஆகிவிடும். பக்கத்தின் ஓரத்தில் இரண்டு காரணிகளையும் எழுத வேண்டும். அவ்வளவுதான். அவர் ஒரு அடுக்கை எடுத்துக்கொண்டார், நான் ஒரு அடுக்கை எடுத்துக்கொண்டேன்.

செய்த தப்புக்கெல்லாம் சேர்த்து உழைத்தேன். சார் ஒரு புத்தகம் முடிப்பதற்குள் நான் இரண்டு முடித்தேன். ஒரு 'பகா'வைக்கூடத் தப்பவிடவில்லை. காரணிகளை அழகான கையெழுத்தில் எழுதினேன். அடுக்கு முடிந்து நிமிர்ந்தபோதுதான் சார் நான் திருத்திய மலர் ஒன்றை எடுத்துப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"வே சங்கரலிங்கம்."

"சார்."

"பதினொண்ணு என்ன எண்ணு?"

"பகா எண் சார்."

"நாப்பத்தொண்ணு?"

"பகா எண்."

அவர் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். கட்டுரையின் முதல் பக்கத்தில் இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று எல்லாம் எப்படிப்பட்ட எண்கள் என்று அவர் பிள்ளைகளுக்குப் புரியும்படி விளக்கியிருந்தார். அத்தனையையும் நான் உடைத்துவிட்டிருந்தேன். என் அடுக்கில் இருந்த எல்லாப் புத்தகங்களிலும் உலகத்தில் பகா எண் என்று ஒன்று மிச்சம் இல்லை.

சார் மலரை மூடி மேஜைமேல் வைத்தார். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பயந்துபோனேன். அவர் கண்ணைத் துடைத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, பேனாவை என் கையில் திணித்தார்.

"திருப்பிக் காலைப் போடும் வே" என்றார். "பஸ்ஸுக்கு நேரம் இருக்கு."